சேதுபதி கேட்ட கேள்வி

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய சேதுபதிக்கு, வேலையை விட்டு இறங்கிய பிறகுதான் பூவம்மா மீது ஆசை வந்தது. அவருக்கு வயது அறுபத்திரண்டு. மனைவி போய் ஒன்பது வருஷம். ஒரே மகன் தூரத்தில், ஈப்போ நகரத்தில். பூவம்மாவுக்கு நாற்பத்து நான்கு. கணவனை இழந்தவள், கெர்பாவ் சாலையில் ஒரு மாடி அறையில் துணி தைத்துப் பிழைத்தாள். சட்டை தைக்கக் கொடுக்கப் போனவர், பிறகு தைக்க ஒன்றுமில்லாதபோதும் போனார். அக்கம்பக்கம் ஒரு மாதம் பேசி ஓய்ந்தது.

அவரை அரித்தது சுந்தரம். பஸ் கண்டக்டர், நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். கிழிந்த சீருடையோடு அடிக்கடி வருவான். ஒரு மனுஷனின் சீருடை இத்தனை தடவையா கிழியும்? சேதுபதி தலைக்கு மை பூசினார். எதிர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்து, அவன் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார். பத்து நிமிஷத்துக்குமேல் அவன் தங்கியதில்லை. பத்து நிமிஷம் போதாதா என்று வயிறெரிந்தார்.

1962இல் ஒரு மத்தியானம், அவள் வீட்டு மாடிப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இதயம் பலவீனம், எப்போது வேண்டுமானாலும் எதுவும் ஆகலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவளிடம் வந்து கேட்டார்:

"நான் போயிட்டா சுந்தரத்தைக் கட்டிக்குவியா?"

பூவம்மா மெஷினை நிறுத்தவில்லை. "கேட்டாக் கட்டிக்குவேன். இதுவரைக்கும் கேக்கல."

மூன்று வாரம் அவர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு பஸ் நிலையத்துக்குப் போய் சுந்தரத்தைப் பிடித்தார்.

"நான் இருக்கற வரைக்கும் அவகிட்டக் கேட்டுறாத தம்பி. அப்புறம் உன் இஷ்டம்."

சுந்தரம் டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்கினான். "போன தீபாவளிக்கே கேட்டுட்டேன் அண்ணே. மாட்டேன்னுட்டாங்க லா. உங்களைச் சொல்லித்தான் மாட்டேன்னாங்க."

அப்படியானால் அவள் ஏன் பொய் சொன்னாள்? தன்னைச் சீண்டவா, தனக்காக ஒருத்தி காத்துக் கிடக்கிறாள் என்ற பாரம் வேண்டாமென்றா? அவருக்குப் பிடிபடவில்லை, அவளிடம் கேட்கவுமில்லை. அதுவரை சாவைப் பற்றி அவருக்குப் பெரிய பயம் இருந்ததில்லை. கோபத்தோடு போய்விடலாம் என்றிருந்தார். இப்போது போக மனசு வரவில்லை. சுருட்டை விட்டார். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, தினமும் ஏறினார்.

பதினான்கு மாதம் இருந்தார். ஈப்போவிலிருந்து மகன் வந்து காரியம் செய்தான். ஓரமாக நின்றிருந்த பூவம்மாவை அவன் யாரென்று கேட்கவில்லை. "முன்னால வந்து முகத்தைப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லி வழிவிட்டான்.