புதன்கிழமை வீடு

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பாதையை மண்சரிவு அள்ளிக்கொண்டு போனதிலிருந்து பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. ஆசிரியர்கள் வர வழியில்லை. பாதை போடும்வரை காத்திருந்தால் பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிடும் என்று லயத்து வரிசை வீடுகளின் தாய்மார் தாங்களே படிப்பிக்கத் தொடங்கினார்கள். நாளுக்கொரு வீடு. முறை வந்தவள் அன்று கொழுந்து பறிக்கப் போகமாட்டாள், சம்பளமும் கிடையாது.

றொசானாவின் முறை புதன்கிழமை. கொழும்பில் வீட்டு வேலை செய்தபோது பழகிய சிங்களத்தை அவள் கடை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தாள். தேயிலைக் கொட்டைதான் காசு. கல்லாவில் அவள் மகள் ஏஞ்சலா. மீதியைக் கொடுக்காமல் சிங்களத்தில் நன்றி மட்டும் சொல்லி அனுப்பிவிடுவாள், கள்ளி. பிள்ளைகள் சண்டை போட்டே சிங்களம் படித்தார்கள்.

அந்த ஏஞ்சலாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. பாதை இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்காவது போயிருக்கலாம்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, றொசானா வீட்டைக் கூட்டி, பாயை விரித்து, கொட்டைகளைக் கழுவிவைத்துக் காத்திருந்தாள். பிள்ளைகள் தலையைக் குனிந்தபடி அவள் வாசலைத் தாண்டி, அடுத்த வீட்டு நாகலெட்சுமியிடம் போனார்கள்.

கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு றொசானாவும் அங்கே போய் நின்றாள்.

நாகலெட்சுமி பதறி எழுந்தாள். "ஒனக்கு மனசு தாங்காதுன்னுதான் தங்கச்சி, நாங்களே முறைய மாத்திக்கிட்டோம். புள்ள இல்லாத நீ எதுக்கு சம்பளத்த விடணும்?"

றொசானா மடியை அவிழ்த்துக் கொட்டைகளைப் பாயில் கொட்டினாள்.

"புள்ளைய ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு, அக்கா. புதன்கிழமைய நீங்க எடுத்துக்கிட்டீங்க."