முழங்கை இடுக்கில் ஒரு நீலம்

ஞானமலரின் கை கத்திக்குப் பழகிய கை. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் முள் எடுத்தவர். சதை கிழியாமல் முள்ளை மட்டும் உருவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். இப்போது அறுபத்தேழு வயது. கணவர் ஞானரட்ணம் இறந்து மூன்று வருடமாகிறது. ஒஸ்லோவில், ஸ்டோவ்னரில், ஏழாம் மாடியில் தனியாக இருக்கிறார்.

மூத்தவன் றொபினை ஊரில் விட்டு வந்தது அவருடைய முடிவு. எண்பத்தொன்பதில், முன்பே நோர்வேக்கு வந்துவிட்ட ஞானரட்ணம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி எழுதினார். பாட்ஸ்பியோர்ட்டில் அப்போது பூசை வைக்கவும் கத்தோலிக்கச் சாமியார் இல்லை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையை எங்கள் அந்தோனியார் கோயிலிலேயே எடுக்கட்டும், அடுத்த கோடையில் வரட்டும் என்று ஞானமலர் பதில் எழுதினார். ஞானோபதேசம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்த பிள்ளை. அவனைத் தங்கையிடம் விட்டுவிட்டுச் சின்னவளுடன் விமானம் ஏறினார்.

மறு சித்திரையில் படம் தபாலில் வந்தது. வெள்ளை உடுப்பு, மடித்த கையில் மெழுகுதிரி, பின்னால் பீடம். ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியது. சனம் ஒதுங்கியிருந்த அதே கோயிலுக்கு மேல் ஷெல் விழுந்தது. தங்கை தண்ணீர் அள்ள வெளியே போயிருந்தாள். றொபின் உள்ளே இருந்தான். ஒன்பது வயது.

ஞானரட்ணம் சாகும்வரை ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் ஞானமலருக்குப் பெரிய பாரமாக இருந்தது.

றொபினின் முதலாம் ஆண்டு நினைவு அட்டைக்குப் படம் தேவைப்பட்டது. இருந்தது அந்த ஒன்றுதான். அந்தக் கோயிலை இனிக் கண்ணால் பார்க்க அவருக்கு ஏலவில்லை. கத்தரிக்கோலை எடுத்துப் பிள்ளையை மட்டும் விளிம்பு பிசகாமல் வெட்டினார். மிச்சத்தை விறகடுப்பில் போட்டார்.

முப்பத்தைந்து வருடம் கழிந்தது. இராணுவம் வைத்திருந்த ஊர் திரும்பக் கிடைத்தது. கோயிலை முன்பிருந்தபடியே கட்டுவதென்றும், வெளிநாட்டவர் வந்து பார்க்கும் இடங்களில் ஒன்றாக்குவதென்றும் ஏற்பாடு. ஒஸ்லோவில் இருந்த ஊரவர்களும் கூடினார்கள். பீடத்தின் பின்சுவர் வெள்ளையா மஞ்சளா என்று நான்கு கூட்டம் நடந்தது. ஒருவரிடமும் படம் இல்லை.

அந்த ஊரவர் ஒருவரின் மகள், கட்டடக்கலை படிக்கும் யூலியா, ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தாள்.

"கூட்டத்திலை அவை கோப்பி குடிக்கினம் அன்ரி, அலைச்சல் எனக்கு," என்று சிரித்துக்கொண்டே அமர்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உங்கடை மகன்ரை புதுநன்மைப் படத்திலை பீடம் முழுக்கத் தெரியும் எண்டு அம்மா சொன்னவ."

ஞானமலர் செபப்புத்தகத்திலிருந்து வெட்டிய படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான்தான் வெட்டினனான்," என்றார். "மிச்சத்தை எரிச்சுப்போட்டன்."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்த யூலியா, கைபேசியை அதற்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினாள். மெழுகுதிரி பிடித்த கை மடிந்திருந்த இடத்தில், முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே, கத்தரிக்கோல் நுழைய முடியாத ஒரு சின்ன இடுக்கு. நகக்கண் அளவு. அதற்குள் நீலம். நீலத்தில் பாதிப் பூ ஒன்று, வெள்ளையில்.

"இதுதான் அன்ரி சுவர்."

ஞானமலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு நாளும் கையில் எடுத்த படம். முகத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை.

அந்த இடுக்கை அளந்து, நிறம் பிரித்து, யூலியா ஊருக்கு அனுப்பினாள். இரண்டு கிழமையில் திரும்பி வந்து, சொல்லத் தயங்கிக்கொண்டு நின்றாள். பார்க்க வருகிறவர்களுக்குக் கோயில் வாசலில் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். கதை சொல்ல ஒரு முகம் வேண்டுமாம். றொபினின் முகத்தைக் கேட்கிறார்கள்.

ஞானமலர் யோசிக்கவில்லை.

"நான் அவனை அந்தக் கோயிலுக்குள்ளை விட்டிட்டு வந்தனான். வெட்டித்தான் வெளியிலை எடுத்தனான். திரும்ப அங்கை விடேலாது பிள்ளை. நிறத்தைக் கொண்டு போ."

கோயில் திறந்தது. திருவிழாவுக்குப் போன யூலியா ஒரு பெரிய படம் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நீலச் சுவர், நிரை நிரையாய் வெள்ளைப் பூக்கள், முன்னால் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் இருவர் சிரித்தபடி. அழகாகத்தான் இருந்தது. ஞானமலர் அப்படியே சொன்னார்.

அவள் போனபின் படத்தை யன்னலோரம் வைத்தார். செபப்புத்தகத்திலிருந்து றொபினை எடுத்து, அந்த இரண்டு பேருக்கும் மேலே, பீடத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். சுவருக்கு அவன் பெரிதாக இருந்தான். முழங்கை இடுக்கின் நீலம் பழையது, மங்கியது. சுற்றியிருந்த நீலம் புதியது. இரண்டும் ஒட்டவில்லை.

கையைத் தட்டையாக வைத்து அவனைக் கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்திருந்தார். பிறகு, முள் எடுப்பதுபோல, ஒன்றும் கிழியாமல் அவனை வெளியே எடுத்தார்.