சாந்தோம் வீட்டில் நான் கேட்காத கேள்வி

மதுரையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள நண்பர்கள் அடுத்த மாதம் எங்கள் தசை ஆராய்ச்சியில் சேரப் போகிறார்கள். வீடு வீடாகப் போய்ச் சிறுநீர்ப் பாட்டில் வாங்கி வரும் உத்தியோகம் அவர்களுக்கும் காத்திருக்கிறது. "எந்த வழியாகப் போனாய், எவ்வளவு நேரம் ஆயிற்று, எல்லாம் எழுது" என்று கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். வழியை மட்டும் எழுதிவிட்டு, அந்த வழியில் நான் வெட்கித் தலைகுனிந்ததை மறைத்தால் அது பித்தலாட்டம். நடந்தது இந்த 1949ஆம் வருஷம் ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சில பேருக்குத் தசை கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துகொண்டே போகிறது. நலிந்த தசையால் கிரியாட்டின் என்ற பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அது சிறுநீரில் வெளியேறிவிடும். கோதுமை முளையிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொடுத்தால் தசை தேறி, இந்த ஒழுக்கு குறையுமா என்று பார்க்கிறோம். இங்கே ஒரு டாக்டர் நோயாளிகளைப் பரிசோதிக்கிறார். பம்பாயில் ஒரு நண்பர் தம் நோயாளிகளிடம் இதே சோதனையைச் செய்து கணக்கை எங்களுக்கு அனுப்புகிறார். பாட்டில் சுமப்பதும், அடையாறில் ஒரு வைத்தியசாலையின் பின்கட்டில் உட்கார்ந்து சோதிப்பதும் நான்.

காலை ஐந்து ஐம்பதுக்கு மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறினேன். பனகல் பார்க்குக்கு இரண்டரை மைல், ஒன்றரை அணா, இருபது நிமிஷம். கைப்பிடி உள்ள மூங்கில் கூடை ஒன்று, அடியில் ஈரச்சாக்கு. ஜன்னலோரம் உட்காராதீர்கள், வெயில் பாட்டிலில் விழும். தியாகராய நகரில் என் முதல் நோயாளி வெங்கடேசன், பாங்கு குமாஸ்தா. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டும். பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் ஸார் அந்தக் கிரியாட்டின் எறங்கவே மாட்டேங்கறது?" என்றார். பொறுமையாக எண்ணெயைச் சாப்பிடுங்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு அன்று நல்ல குஷி. காரணம் இரண்டாவது நோயாளி. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. பெயர் பிலோமினா, கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர், வயது இருபத்தேழு. இடுப்பிலும் தொடையிலும் தசை நலிந்து, மாடிப்படி ஏற முடியாமல் தவித்தார். பிப்ரவரிக் கடைசியில் எண்ணெய் ஆரம்பித்தோம். மார்ச் மத்தியில் அவருடைய கிரியாட்டின் மளமளவென்று இறங்கியது. முடிவு தெரியும்வரை நோயாளியிடம் வாய் திறக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஏற்பாடு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "தசை தேறிண்டு வரது, டீச்சர்" என்று அன்றே சொல்லிவிட்டேன்; வெங்கடேசனிடமும் உளறியிருந்தேன்.

பனகல் பார்க்கிலிருந்து சாந்தோமுக்கு நேர் பஸ் கிடையாது. அங்கிருந்து அடையாறு வரைக்கும் சேர்த்து ஜுட்கா பேசிவிடுங்கள். எனக்கு ஒரு ரூபாய் இரண்டணா ஆயிற்று. வண்டிக்கார காதர் பாய் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சாமி, கூடையில இன்னா கீது? கொயந்த மாரி புட்சிகினு வர்றே?"

"ஆராய்ச்சிக்கு, பாய்."

"ஆராய்ச்சியோ இன்னாவோ. மதுவிலக்கு போலீஸ் புட்சா நா பாத்ததே இல்லன்னு சொல்லிடுவேன், ஆமா."

முகர்ந்து பார்த்தால் போலீஸ்காரனே ஓடிவிடுவான் என்றேன். லஸ் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினார். சாந்தோம் சேரும்போது மணி எட்டு பத்து.

வழக்கம்போல வாசற்படிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தேன். உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும் வாசனை. மேல்துண்டால் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டேன். பிலோமினாவின் அம்மா ரோஸம்மா கையைத் துடைத்தபடி வந்தார்.

"வாங்க சார். தப்பா நெனைச்சுக்காதீங்க, வீடெல்லாம் கறி வாசன. தவக்காலம் முழுக்க நாப்பது நாளா நாங்க யாரும் கவிச்சி தொடல. மீனு, கருவாடுகூடக் கெடையாது. ஞாயித்துக்கெழமதான் ஈஸ்டர். பிள்ள மூணு நாளா வாய்க்கு ருசியாச் சாப்பிடுது."

கையிலிருந்த கூடை கனத்தது. கறியிலும் மீனிலும் கிரியாட்டின் நிறைய உண்டு. ஆரோக்கியமான தசை அதை வாங்கி வைத்துக்கொள்ளும். பிலோமினாவின் தசை வைத்துக்கொள்ளாது, சாப்பிட்டதில் பெரும்பங்கு வெளியே வந்துவிடும். எண்ணெய் ஆரம்பித்த அதே வாரம்தான் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். இறங்கியது எண்ணெயால் அல்ல, விரதத்தால். வெங்கடேசனுக்கு இறங்காததும் அதனால்தான். அவர் வீட்டில் நிறுத்துவதற்குக் கறி ஏது, மீன் ஏது.

பம்பாயிலிருந்து வந்த தாளில் தெளிவாகப் போட்டிருந்தது: பாட்டில் எடுப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்து மாமிசமும் மீனும் கூடாது, கேட்டு எழுதவும். நான் கேட்கவில்லை. மீன் என்ற சொல்லை ஒரு பெண்பிள்ளையிடம் எடுக்கவே எனக்குக் கூச்சம். "வழக்கமான உணவு" என்று நானே எழுதிவிட்டேன். வருஷம் முழுவதும் ரசமும் மோருமாகச் சாப்பிடுகிறவன் புத்தி அவ்வளவுதான் போகும்.

அதற்குள் பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு பாட்டிலோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சார், ஜூன்லேருந்து படி ஏறாம கீழேயே ஒரு வகுப்பு தர்றேன்னு ஸ்கூல் மதர் சொல்லியிருந்தாங்கல்ல? நான்தான் கெஞ்சிக் கேட்டிருந்தேன். போன வாரம் லெட்டர் குடுத்துட்டேன், வேணாம்னு. என் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களோட மாடியிலயே இருக்கேன். நீங்க சொன்ன தைரியந்தான் சார்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "சந்தோஷம்" என்றேன். சொல்லிவிட்டுப் பாட்டிலை வாங்கிக்கொண்டு, துரத்துகிறவனுக்குப் பயந்தவன் மாதிரி வண்டியில் ஏறினேன். "இன்னா சாமி, மூஞ்சி ஒரு மாரி ஆய்ட்ச்சி?" என்றார் காதர் பாய்.

சாந்தோமிலிருந்து அடையாறு மூன்று மைல். பாலத்தின் மேல் கடற்காற்றுக்குக் குதிரை தயங்கும். நாற்பது நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் குழாயில் நிறம் வருவதற்கு மதியம் இரண்டரை ஆயிற்று. நிறம் அடர்ந்தால் கிரியாட்டின் அதிகம். வெங்கடேசனுடையது பழைய நிறம். பிலோமினாவுடையது ஜனவரியில் இருந்த அதே அடர்ந்த ஆரஞ்சு. மூன்று தடவை செய்து பார்த்தேன், மாறினால் தேவலை என்று.

மறுபடி சாந்தோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலே கால். இந்தத் தடவை உள்ளே போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை, தசை தேறவில்லை, தப்பு என்னுடையது. ரோஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிலோமினா தம் முழங்காலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாலு மாசமா எங்க வீட்டுக்கு வர்றீங்க. நாங்க என்ன சாப்பிடுறோம்னு ஒரு நாளும் கேக்கலியே சார்?"

கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தபோதெல்லாம் இப்போதுதான் குடித்தேன் என்று பொய் சொன்னேன். அவருக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும். அன்று ரோஸம்மா கொடுத்த காபியைக் குடித்தேன். குடித்ததால் ஒன்றும் நேராகிவிடவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், அதை நடத்தும் மதரைப் பார்த்தேன். கீழ்த்தளத்து வகுப்பைப் புதிதாக வருகிற ஒரு டீச்சருக்குக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த வருஷம்தான் மாற்ற முடியும் என்றார். பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி மேஜையில் வைத்தார். பம்பாய்க்கும் டாக்டருக்கும் அதையே எழுதினேன். அவர்கள் திட்டியது சரிதான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. சாக்கை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நனையுங்கள். ஜுட்காவை முதலிலேயே பேசிவிடுங்கள். வாசலில் நிற்காமல் அடுப்படிவரை போங்கள்; நேற்று என்ன குழம்பு, முந்தாநாள் என்ன குழம்பு என்று கேளுங்கள். நோன்பு, விரதம், கல்யாணம், கந்தூரி, எதையும் விடாமல் எழுதுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்த வேலைக்கு வராதீர்கள். நல்ல சேதி நாக்கு நுனிக்கு வந்தால் விழுங்குங்கள்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று எட்டே முக்காலுக்கு நானும் போய் நின்றேன். மாடிக்கு இருபத்திரண்டு படி. பிலோமினா டீச்சர் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் தம் தொடையையும் அழுத்திக்கொண்டு ஏறினார். பதினான்காவது படியில் நின்றுவிட்டார். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"வேணாம் சார். பிள்ளைங்க பாக்குதுங்க" என்றார். நான் இறங்கிவிட்டேன்.