கடலுக்குள் போன சாவி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் இரண்டாயிரத்துக்குப் பிறகு சிப் வைத்த கார்கள் ஓட ஆரம்பித்தபோது, மதுராந்தகத்திலிருந்து மாமல்லபுரம் வரை அந்தச் சாவியைப் போட என்னை விட்டால் ஆள் கிடையாது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குடைக்கடியில் அரம் பிடித்தவன், சொந்த உழைப்பில் கடை போட்டு, மெஷினும் பழைய லேப்டாப்பும் வாங்கினேன். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. எந்தப் படத்துக்குப் பின்னால் எந்தப் படம் வரும், எங்கே அமுக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஷோரூமில் கேட்பதில் கால் பங்குக்குச் செய்து கொடுத்தேன். பெரிய பெரிய இன்ஜினீயர்களே என் கடை வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

இந்தச் சாவிக்குப் பல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தலைக்குள் அரிசி மாதிரி ஒரு சிப் இருக்கும். அதை வண்டி அடையாளம் கண்டால்தான் இன்ஜின் பிடிக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு புதுப்பட்டினத்தில் குடியிருந்தார். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருந்தார். சாவி ஒன்றுதான். ஸ்பேர் போட எவ்வளவு ஆகும் என்று கேட்க வந்தார். சொன்னேன்.

"அடுத்த மாசம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி."

"ஒத்த சாவிய வெச்சிகினு சுத்தாத சார். அதுவும் கடலோரமா கீற."

"கடலுக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, சாவி வேணும்" என்றார். பக்கத்தில் நின்ற யாரோ போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார்கள். காலேஜ் படிக்கும் ஒரே பையன், மாமல்லபுரத்தில் குளிக்க இறங்கியவனை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கார் சாவி அவன் பேன்ட் பாக்கெட்டில்.

அரமும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு பைக்கில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பறந்தேன். சவுக்குத் தோப்பு ஓரத்தில் கார் நின்றது. பையனின் அம்மா கார் கதவில் சாய்ந்து மணலில் உட்கார்ந்திருந்தார். படகுகள் தேடிக்கொண்டிருந்தன. வலைக்காரப் பெரியவர் ஒருவர் பையனின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தண்ணி வடக்கால இழுத்துகினு கீது நைனா. இங்கியே நின்னா இன்னா ஆவும்? திருவிடந்த வரிக்கும் கரையோரமா குப்பம் குப்பமா கேட்டுகினே போ."

ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். அந்தம்மா எழுந்திருக்கவில்லை. "வண்டிய விட்டுட்டு வரமாட்டேன். அவன் வந்து எங்கன்னு தேடுவான்?" அவரை விட்டு அப்பாவாலும் போக முடியவில்லை.

கதவுப் பூட்டைக் கழற்றி, அதைப் பார்த்துப் புதுச் சாவிக்கு அரத்தாலேயே பல் வெட்டினேன். லேப்டாப்பை மாட்டினேன். சிவப்புக் கட்டம் வந்தது. அது என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய சாவி கையில் இல்லாமல் புதுசை ஏற்றினால் வண்டி பழசை மறந்துவிடும். யாராக இருந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் அமுக்குவேன். அது என் தொழில் வழக்கம்.

"சார், இத்த ஏத்துனா பழைய சாவி செல்லாது."

அவர் தலையாட்டினார். அந்தம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

"வேண்டாம். அந்தச் சாவி எம்பிள்ளைட்ட இருக்கு. அவன் வந்து போட்டா வண்டி எடுக்காம போயிருமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கடலை ஒரு தடவை பார்த்தேன். அது எதைத் திருப்பித் தரும் என்று எனக்குத் தெரியாதா?

"அந்த சாவி வரட்டும்மா. அத்தயும் சேத்துரலாம். நானே சேத்துத் தரேன்."

"நெசமாவா?"

"இந்த ஜில்லாவுல அத்த செய்யத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தாம்மா."

அந்தம்மா மெதுவாக எழுந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். அமுக்கினேன். மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு அணைந்தது. கார் வடக்கே போனது.

மறுநாள் விடியலில் திருவிடந்தையில் கரை ஒதுங்கினான்.

காரியமெல்லாம் முடிந்தபின் இருவரும் கடைக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சாவியை அந்தம்மா முந்தானையிலிருந்து அவிழ்த்து நீட்டினார்.

"சேத்துத் தாரேன்னு சொன்னீங்க."

பல்லில் துரு ஏறியிருந்தது. பட்டனுக்குள் மணல், ரிமோட் செத்துவிட்டிருந்தது. ஆனால் சிப் கண்ணாடிக்குள் இருப்பது. கடலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. துருவைத் துடைத்து வண்டியில் ஏற்றினேன். திருப்பச் சொல்லி அந்தம்மா கையிலேயே கொடுத்தேன். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது.

அந்தம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பையன் உட்காரும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

அப்பா கடைக்குள் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"ஸ்பேர் வேணும்னு வந்தேம்லா அண்ணாச்சி. இப்ப ரெண்டு ஆயிட்டு."

நான் வாயால் பிழைத்தவன். எதற்கும் பதில் வைத்திருப்பவன். கடை முழுக்கப் பெட்ரோல் புகை. வண்டியை அணைக்கச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே வாய் எழவில்லை.