ஒதுங்கிப் போன பச்சைக் கப்பல்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

என் மகளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனியில் வேலை. கம்பெனி சென்னையில் இருக்கிறது. அவள் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாள். நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல்கள் சண்டை போடுகிற விளையாட்டு அது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் நெட்டில் ஒன்றுகூடி விளையாடுவார்கள். அதில் மூன்று கட்சி, கட்சிக்கு ஒரு குணம். சிவப்புக் கட்சியின் பீரங்கிக்குச் சுடச்சுட பலம் ஏறும். ரொம்பச் சூடானால் நின்றுவிடும். நீலக் கட்சிக்குக் கவசம். கொஞ்ச நேரம் அடிபடாமல் இருந்தால் அது தானாக வளரும். பச்சைக் கட்சிக் கப்பல்கள் நெருங்கி நின்றால் அவற்றுக்குள் வெளிச்சக் கயிறு ஒன்று கட்டிக்கொள்ளும். அதன்பிறகு ஒரு கப்பலுக்கு விழுகிற அடியை எல்லாக் கப்பலும் பங்கு போட்டுக்கொள்ளும். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

எந்தக் கட்சியும் மற்றதைவிட ஓங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் மகளின் வேலை. ஒரு கட்சியே ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் விளையாட்டை விட்டே போய்விடுவார்களாம்.

"கொழம்புல உப்பு பாக்குற வேலைன்னு சொல்லு" என்றேன் ஒருநாள்.

"உப்பு கூடுனா தண்ணி ஊத்திருவ. இங்க தண்ணி ஊத்துனா புளிப்பு போயிரும், புளியக் கரைச்சா காரம் போயிரும். அப்பறம் சாப்புட வந்தவன் எல்லாம் எலையத் தூக்கி என் மூஞ்சில எறிவான்" என்றாள்.

போன வருஷம் அவள் என்னிடம் வந்து, "அம்மா, புதுசா வெளையாட வர்றவங்க எங்கிட்டு தடுமாறுறாங்கன்னு பாக்கணும். எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் வெளையாண்டு பழகுனவங்க. ஒன்ன மாதிரி ஒண்ணுமே தெரியாத ஆளு கெடைக்கவே மாட்டாங்க" என்றாள்.

"நல்லாப் புகழுறடி."

"நெசமாத்தான். வாம்மா."

சுடுகிற பொத்தானில் சிவப்பு ஒட்டுப்பொட்டும், முன்னால் போகிற பொத்தானில் பச்சைப் பொட்டும் ஒட்டிக் கொடுத்தாள். வேறெதுவும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தால் டெஸ்ட் கெட்டுப் போய்விடுமாம். பெயருக்குப் பதில் எனக்கு மூன்றாம் நம்பர் என்று போட்டாள். மற்ற நம்பர்கள் எல்லாம் வெளியூர் ஆட்கள், நினைத்தால்தான் வருவார்கள். நான் சோற்றை வடித்துவிட்டு தினமும் பதினொரு மணிக்கு மாடிக்குப் போய்விடுவேன். அதனால் பச்சைக் கட்சியில் புதியவர்கள் ஆடிய ஆட்டம் என்று அவளிடம் இருந்ததில் பெரும்பங்கு என்னுடையது. வீட்டு ஆட்களைச் சேர்த்தால் கம்பெனியில் சொல்லிவிட வேண்டுமாம். மூன்றாம் நம்பர் அவளுடைய அம்மா என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

நான் எப்படி ஆடினேன் என்பதைச் சொல்ல வேண்டும். எதிரிக் கப்பல் வந்தால் பயந்து பயந்து சுடுவேன். எங்கள் பச்சைக் கப்பல் ஏதாவது பக்கத்தில் வந்தால் விலகிக்கொள்வேன். டவுன் பஸ்ஸில் யாராவது வந்து உட்கார்ந்தால் ஜன்னலோடு ஒட்டிக்கொள்கிறவள் நான். கல்யாண வீட்டில் நாலு பேர் எதிரே வந்தால் சுவரோரம் நின்று, அவர்கள் போன பிறகுதான் நடப்பேன். கை தானாக அதையே செய்தது. இரண்டு கப்பலுக்கும் நடுவே என்னமோ ஒரு வெளிச்சம் கட்டும், நான் விலகினதும் அறுந்துவிடும். நல்லவேளை, மேலே இடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை காலை மோர் கொண்டுபோனேன். மகள் மீட்டிங்கில் இருந்தாள். சென்னையிலிருந்து அவளுடைய மேலதிகாரி அம்மாள் பேசுவது ஸ்பீக்கரில் கேட்டது. திரையில் பச்சைக் கோடுகள் வளைந்து வளைந்து கிடந்தன.

"மூணாம் நம்பரோட ரூட்டைப் பாருங்க மேடம். கயிறு கட்டுது, ஒடனே அறுந்துருது. புதுசா வர்றவங்களுக்கு கயிறு கட்டுற தூரம் பத்தல. ரெண்டு மடங்கு ஆக்கிரலாம்."

"ரெண்டு மடங்கா? பழைய ப்ளேயர்ஸ் ஆளுக்கொரு மூலைல நின்னுக்கிட்டு அடியைப் பங்கு போட்டுப்பாங்க. பச்சையை யாரும் சாகடிக்கவே முடியாது. போன தடவை நீலத்தோட கவசத்தைக் கூட்டினதும் பாதிப் பேர் விளையாட்டை விட்டுப் போனது ஞாபகம் இருக்குல்ல? இதுவும் சொதப்பினா மூணு கட்சியையும் வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"டேட்டா இருக்கு மேடம். நான் பொறுப்பு."

"சரி. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் போடுறோம்."

மோர் டம்ளரை மேஜையில் வைக்கும்போது திரையை உற்றுப் பார்த்தேன். ஒரு கோடு இன்னொன்றின் பக்கம் வருகிறது, உடனே ஒடிந்து ஒதுங்குகிறது. மறுபடி வருகிறது, மறுபடி ஒதுங்குகிறது. அது நான் நடக்கிற நடை. கயிறு தானாக அறுபடவில்லை, நான்தான் அறுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. இறங்கி வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள் சிரித்த முகமாக இருந்தாள். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அந்தக் கயிறு எதுக்குப் பாப்பா?"

"அதச் சொல்லக் கூடாதும்மா. நீ டெஸ்டரு."

"இல்ல, ஒருவேள ஆடுறவங்க தப்பா ஆடியிருந்தா..."

"ஆடுறவங்க தப்பே பண்ண முடியாது. தப்பெல்லாம் எங்களோடதுதான். ரசம் ஊத்து."

ரசம் ஊற்றினேன். சொன்னால், மூன்றாம் நம்பர் யார் என்று கம்பெனியில் கேட்பார்கள். சொல்லாவிட்டால் காலை பத்து மணிக்கு அந்த மாற்றம் விளையாட்டில் ஏறிவிடும். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் இந்த இரண்டுமே மாறி மாறி வந்தன. எனக்கு என்ன தெரியும், நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு மாடி ஏறினேன். மகள் மறுபடி மீட்டிங்கில் இருந்தாள், திரையில் ஏழெட்டு முகங்கள். கேமராவில் விழுந்துவிடாமல் கதவோரம் நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால் தாண்டியது. அவள் திரும்பிப் பார்த்து, என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். இறங்கப் போய், இரண்டு படியில் நின்று, திரும்பவும் ஏறினேன்.

"பாப்பா, அந்தக் கயிறு அதுவா அறுபடல. நாந்தான் வெலகுனேன்."

"என்னம்மா?"

"நம்ம கப்பலு கிட்ட வந்துச்சு. வழி விட்டேன்."

"யாரு ஒன்ன வழி விடச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? வர்றவங்களுக்கு எடம் விட வேணாமா?"

ஸ்பீக்கரில் அந்த அம்மாள், "யாரு அங்க பேசுறது?" என்றார்.

என் மகள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "எங்கம்மா மேடம். மூணாம் நம்பர் எங்கம்மாதான்" என்றாள்.

அந்த அம்மாள், "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. முதல்ல அதை நிறுத்துங்க" என்றார். மகளின் விரல் பொத்தான்களின் மேல் ஓடியது. நின்றுவிட்டது என்று சொன்னாள்.

"அம்மா, கொஞ்சம் முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டார் அந்த அம்மாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேமராவுக்கு முன்னால் போனேன்.

"எதிரிக் கப்பலுக்கும் வழி விட்டீங்களா?"

"இல்லீங்க. அவுக சுடுறாகளே, அவுகள நானும் சுட்டேன். நம்மாளுகளுக்கு மட்டுந்தாங்க வழி விட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். என் மகள் சிரிக்கவில்லை.

பச்சைக் கட்சியை அவளிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாற்றம் தப்பாகப் போகப் பார்த்தது என்பதற்காக அல்ல, வீட்டு ஆள் என்பதை மறைத்ததற்காக. சிவப்பும் நீலமும் அவளிடமே இருக்கின்றன. சாயங்காலம் காபி குடிக்கும்போதுதான் என்னோடு பேசினாள்.

"நீ சொல்லலேன்னா மூணும் போயிருக்கும்மா."

நான் என் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆனா புதன்கெழமையே ஒனக்குத் தெரியும்ல? அப்பவே எங்கிட்ட தனியாச் சொல்லியிருந்தா நானே போய் மேடத்துக்கிட்ட பேசியிருப்பேன். மீட்டிங்குல அம்புட்டுப் பேரு முன்னாடி..."

நான் மாடிக்கு விளையாடப் போவதை விட்டுவிட்டேன். புதிதாக வந்தவர் கயிற்றின் தூரத்தைக் கூட்டவில்லையாம். என்னைப் போல ஒதுங்கிப் போகிற வேறு ஆட்களும் இருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கிறாராம். இருந்தால் என் மகள் போட்ட யோசனை முழுக்கத் தப்பில்லை என்று ஆகும். இல்லையென்றால் தப்பெல்லாம் என் ஒருத்தியால் வந்தது.

இதைப் படிக்கிறவர்களில் அந்த மாதிரி விளையாட்டு தெரிந்தவர்கள் இருந்தால், கட்சிகளின் குணங்களை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துத் திருத்த வேண்டும். சூடேறி நிற்பது சிவப்புத்தானா என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிறுத்தும்போது எட்டு நிமிடம் மிச்சமிருந்ததா, இன்னும் குறைவா என்பதும் உறுதியில்லை. மகளிடம் கேட்டால் சொல்லிவிடுவாள். அந்த நாளைப் பற்றி அவளிடம் பேச்செடுக்க எனக்குத்தான் முடியவில்லை. வேறு யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.