வலிக்காத வாள்

செய்தி வந்தபோது மாலை மணி மூன்று இருபது. காளியம்மா ஒரு கோடரிக்கு நான்காவது முறையாக ரப்பர் பால் பூசிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் பால். அதனால் கைப்பேசியை அவர் காதருகே பிடித்துக்கொண்டு நின்றது கணவர் ஐயாவு. அழைத்தவன் விளையாட்டுக் குழுவைச் சேர்ந்த தனேஸ்வரன்.

"அக்கா, ஹரி செத்துட்டான்."

காளியம்மா சிரித்தார். "மறுபடியுமா? எத்தன தடவதான்டா சாவான் அந்தப் பய? சரி, அங்கியக் கொண்டாந்து போடச் சொல்லு. கிழிஞ்சதத் தச்சு வைக்கிறேன்."

கோடரி விளிம்பில் பாதி தூரம் போன தூரிகை நின்றது.

"டேய் தனேஸ், இன்னிக்குப் புதன்கிழமதானே?"

ஆட்டம் சனிக்கிழமைகளில் மட்டும்தான். ஹரி என்கிற ஹரிஷாந் என் தம்பி. முப்பத்தெட்டு வயது. லூமுட் ஊரிலிருக்கும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தவன் எழவில்லை. அதற்கு முன் ஆட்டக்களத்தில் ஒன்பது முறை செத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் தனேஸ்வரன்தான் இதே சொற்களில் காளியம்மாவுக்குச் சொல்வான். "சிரிச்சிட்டேன்ம்மா" என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. பாதி வீடுகளாகிவிட்டது, மீதியில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட கொட்டகை கூரையில்லாமல் நிற்கிறது. அதுதான் கோட்டை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாதிகள், அலுவலகக் கிராணிகள், பொறியாளர்கள் என்று முப்பது நாற்பது பேர், தமிழர் சீனர் மலாய்க்காரர் எல்லாரும், அங்கியும் கவசமும் மாட்டிக்கொண்டு அங்கே போர் செய்வார்கள். மூன்று அடி பட்டவன் செத்தவன். பத்து நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். அடிப்பவை எல்லாம் காளியம்மா செய்த ஆயுதங்கள்.

ஐம்பத்தாறு வயது காளியம்மா ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். "எங்கம்மா மரம் சீவிப் பால் எடுத்தாங்க. நான் பேக்டரில பால்ல கையுற முக்குனேன். இப்ப வாளுக்குப் பூசுறேன். பால் நம்மள விடாதுலா" என்பார். கையுறைகளில் ஊசிமுனை ஓட்டை தேடித் தேடிப் பழகிய கண். கடையில் தே தாரிக் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கினால்கூட, அதை வெளிச்சத்தில் தூக்கி ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்.

தொழிற்சாலை ஆள் குறைத்தபோது வீட்டில் தையல் வேலை எடுத்தார். ஒருநாள் ஹரி, கிழிந்த அங்கியைத் தைக்கக் கொண்டுபோனான். கையில் தண்ணீர்க் குழாயில் பஞ்சு சுற்றி டேப் ஒட்டிய ஒன்று. "என்னாடா இது?" "வாள் அக்கா." "இது வாளா? கத்திரிக்கா மாதிரில இருக்கு!" அடுத்த வாரமே அவர் செய்துகொடுத்த நல்ல வாளோடு அவன் வீடு திரும்பினான்.

கார் இல்லாத அந்த வீட்டின் கார் கொட்டகைதான் பட்டறை. குழந்தைகள் தவழ விரிக்கும் தடித்த ஃபோம் பாயை வெட்டி, நடுவில் வளையும் கம்பி ஒன்றை வைத்து ஒட்டுவார். கம்பிக்கு அவர் வைத்த பெயர் 'எலும்பு'. அதன் மேல் ஐந்து முறை ரப்பர் பால்; ஒவ்வொன்றும் மின்விசிறியில் காய வேண்டும். கடைசியில் ஒட்டாமலிருக்க முகப் பவுடர். அதனால் போர்க்களம் முழுக்கக் குளிப்பாட்டிய குழந்தையின் வாசம் அடிக்கும். வளைந்த கத்தி என்று யார் கேட்டாலும் அவர் கை மரம் சீவும் கத்தியின் வளைவைத்தான் போடும். கோலாலம்பூர் ஆட்டக்காரர்கள் அதை ஏதோ பழைய வீரர் குலத்தின் ஆயுதம் என்று நம்பிக் கேட்டு வாங்குகிறார்கள்.

கவசங்களுக்கு அளவு ஐயாவுதான். மாட்டிவிட்டு மறந்துவிடுவார் காளியம்மா. ஒருநாள் ஐயாவு தோளிலும் மார்பிலும் கவசத்தோடே வெங்காயம் வாங்கப் போய்விட்டார். "ஐயாவு, மாவ் பெராங் கா?" என்று கேட்டாராம் கடைக்காரச் சீனர். போருக்கா கிளம்பிவிட்டாய் என்று. "ஆமா தவுக்கே, வீட்டுல தினமும் அதான்" என்றாராம் இவர்.

காளியம்மா ஆட்டத்தைப் பார்க்கப் போனது ஒரே முறை. அன்று ஹரி அவர் கண்ணெதிரே விழுந்தான். விதிப்படி கண்மூடிக் கிடந்தான். கொஞ்ச நேரம் பொறுத்த காளியம்மா, குடையை மடக்கிக்கொண்டு போர்க்களத்தின் நடுவே நடந்து போய், "எந்திரிடா, எறும்பு கடிக்குது பாரு" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். இரண்டு படைகளும் அப்படியே நின்றன. அன்று மாலையே குழு கூடி ஒரு விதி எழுதிக்கொண்டது: காளியக்கா எழச் சொன்னால் செத்தவர் எழலாம். அவர் பிறகு போகவே இல்லை. விதி மட்டும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெரிது, கடைசிச் சோதனை. முன்பு ஒரு வாளின் எலும்பு நுனியைக் கிழித்து வெளியே வந்து, ஒரு பையனின் முன்பல் உடைந்துபோனது. அன்றிலிருந்து, வாங்குபவர் தன் கையாலேயே அவரை மூன்று அடி அடித்தால்தான் ஆயுதம் வாசலைத் தாண்டும். ஜாக்கெட் கையைச் சுருட்டி இடது முன்கையை நீட்டுவார். "வலிக்கக் கூடாது, ஆனா வலிச்ச மாதிரி இருக்கணும். அடி!" மூன்றாவது அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, செத்தேன்லா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். அதற்குப் பிறகுதான் வாள் உங்களுடையது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் காளியம்மா வீட்டுக்குப் போனேன். ஹரி கடைசியாகக் கேட்டிருந்த வாள் தயாராகியிருந்தது. இந்த வயதில் என்னடா வேஷம் என்று அவனிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஆட்டம் பார்க்கப் போனதில்லை. அந்த வாளாவது எங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

காளியம்மா கம்பிக் கொடியிலிருந்து அதை இறக்கினார். கொடுக்கவில்லை.

"அடிக்கணும்ம்மா."

"நான் விளையாடப் போறதில்லை, காளியம்மா. சும்மா வீட்டில வைக்கத்தான்."

"வீட்டுல வச்சா மட்டும்? நாளைக்கு ஒரு சின்னப் புள்ள எடுத்து வெளாடும். பல்லு போனா யாரு பதில் சொல்றது? அடி."

கையை நீட்டினார். வாள் நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினேன்.

"கொசுவா அடிக்கிற? உன் தம்பி அடிச்சா பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்."

உள்ளேயிருந்து ஐயாவு சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் முதல் முறை. கையை ஓங்கி நிஜமாகவே அடித்தேன். பட்டென்று சத்தம், பவுடர் புகையாக எழுந்தது. முன்கையில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

"ஆங், இது அடி! ரெண்டு" என்றார்.

நான் மூன்றாவதுக்கு வாளைத் தூக்கினேன். காளியம்மாவின் வலது கை நெஞ்சுக்குப் போனது; 'ஐயோ' என்று கத்த வாய் லேசாகத் திறந்தது, மூடிக்கொண்டது. நீட்டிய கை ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு அதை மெதுவாக இழுத்துக்கொண்டு, சுருட்டிய ஜாக்கெட் கையை இறக்கிவிட்டார்.

"இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்மா."

வாளை என்னிடமிருந்து வாங்கி, எங்கேயோ ஓட்டை இருப்பதைப்போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திரும்பவும் கொடியில் மாட்டினார்.

அது போன மாதம். நான் வாரம் ஒருமுறை போகிறேன். தேநீர் தருகிறார், ஐயாவுவின் புதுக் கவசத்தைக் காட்டுகிறார், நிறையச் சிரிக்க வைக்கிறார். வாள் கொடியிலேயே தொங்குகிறது. மூன்றாவது அடி இன்னும் அடிக்கவில்லை.