ஓட்டையை மறைத்த கல்யாணத் துணி

புயலில் கூரை பறந்துபோன சிறு பட்டறைகளுக்குச் சர்க்கார் உதவிப் பணம் தரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், தண்டையார்பேட்டையில் டிரங்குப் பெட்டி செய்யும் நான் குதித்தே விட்டேன். கூரையில்லாமல் ஒரு மாதமாக வேலை நின்று கிடந்தது!

சேதத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் என் மூளை வேலை செய்தது, அதுதான் வினை. பெரிய மனிதர் வரும் இடம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? சுவருக்கு வெள்ளையடித்தேன். பக்கத்துப் பட்டறை மாணிக்கத்தின் புதுப் பெட்டிகளை இரவல் வாங்கி அடுக்கினேன். கூரை இருந்த இடத்தில் கல்யாணப் பந்தல் துணியைக் கட்டினேன்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "பிரமாதமாக இருக்கிறதே! உமக்கு எதற்கய்யா உதவி?" என்று என் மனுவை மடித்தார்.

வாசலில் நின்ற மாணிக்கம் பாய்ந்து வந்தான். "இன்னா நைனா, மரமாட்டம் நின்னுகினு கீற? சார், பொட்டி அல்லாம் என்னுது. மேல பாரு சார்!" என்று துணியைப் பிடித்து இழுத்தான். வெயில் நேராக அதிகாரியின் வழுக்கையில் விழுந்தது.

அவர் சிரித்துக்கொண்டே மனுவில் சிபாரிசு எழுதினார். பணம் வந்தது, கூரையும் ஏறியது!

இப்போதெல்லாம் யாரிடம் உதவி கேட்டாலும், முதலில் ஓட்டையைத்தான் காட்டுகிறேன். பனியனில் இருந்தால் அதையும் சேர்த்து.